உறிஞ்சாதோர் பட்டியல்

கொல்லமாவிளைப் பெண்களின் இரத்தத்தில் இரும்பு போதாது என்பது அரசாங்கத்துக்குத் தெரியவந்த வருஷம் இரண்டாயிரத்துப் பன்னிரண்டு. அந்தப் பெண்களுக்கு அது முன்னாலேயே தெரியும். கிணற்றில் இரண்டு வாளி இறைத்தால் கண் இருட்டும். ஆலயத்தில் மூன்றாம் பாட்டுக்கு எழுந்து நின்றால் காதுக்குள் வண்டு பறக்கும். ஆனால் அதற்கென்று ஓர் அலுவலகம் இல்லாமல் இருந்தது. அலுவலகம் இல்லாத சீக்கை யார் மதிப்பார்கள்?

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் மண்டைக்காட்டுக்கு வடக்கே, ஒரு வாடகைக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், இரும்புச்சத்துப் பால் இயக்ககம் திறக்கப்பட்டது. மொத்தம் நாற்பத்திரண்டு படி. இரத்தம் குறைந்தவர்கள் விண்ணப்பத்தை நேரில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பது விதி. ஏறி வந்தவர்களைப் பார்த்து, நாற்பத்திரண்டு படி ஏற முடிகிறதே, உனக்கு என்ன குறை என்று கேட்டார்கள். ஏற முடியாதவர்களின் விண்ணப்பம் வரவே இல்லை. மாவட்டத்தில் இரத்தசோகை எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று முதல் மாத அறிக்கை போயிற்று.

பூங்கனி ஏறினாள். ஐந்து இடத்தில் உட்கார்ந்து, ஆறாவது இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, ஏறிவிட்டாள். அவளுக்கு வேறு வழி இல்லை. கர்ப்பப்பையில் கட்டி. மாசத்தில் பத்து நாள் இரத்தம் போய்க்கொண்டே இருக்கும். எடுத்துவிட வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கூடவே, இரத்தம் பத்து கிராமாவது இருந்தால்தான் கத்தி வைப்போம் என்றும் சொன்னார்கள். புது உத்தரவுப்படி அந்தப் பத்து இயக்ககத்தின் அட்டையில் ஏறியிருக்க வேண்டும். வேறு எந்தக் காகிதத்தில் இருந்தாலும் செல்லாது. ஆக பூங்கனிக்குப் பத்து வேண்டும். உயிரோடு இருக்க வேண்டுமென்றால் பத்து வேண்டும்.

விண்ணப்பத்தில் கணவர் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. அவள் கணவன் யேசுரத்தினம் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்க்கிறவன். எங்கள் பக்கத்தில் அதற்குப் 'பால்வெட்டு' என்று பேர். பூங்கனி அப்படியே சொன்னாள். கள அலுவலர் ததேயுஸ் அப்படியே எழுதினார். வடக்கே ஏதோ மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த இயக்குநர் அதைப் படித்துவிட்டு, வீட்டிலேயே பால் இருக்கும்போது அரசுப் பால் எதற்கு என்று கேட்டார். ரப்பர் பால் என்றாள் பூங்கனி. அவர் தலையாட்டி, மாட்டின் இனம் என்ற கட்டத்தில் 'ரப்பர்' என்று எழுதச் சொன்னார். நாட்டு இனம் என்றால் கறவை குறைவாகத்தான் இருக்கும், சேர்த்துக்கொள்ளலாம் என்று கையெழுத்தும் போட்டார். கடியப்பட்டணத்தில் பிறந்து வளர்ந்த ததேயுஸுக்கு விஷயம் தெரியும். ஆனால் மேலதிகாரி எழுதச் சொன்னதைத் திருத்த அவர் என்ன பைத்தியமா?

நர்ஸ் பெபிஷா விரலில் குத்திப் பார்த்தாள். எட்டு புள்ளி நாலு.

அந்த நேரத்தில்தான் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. டக் டக்கென்று நிற்காமல் ஏறி வந்தாள் ஸ்மைலின். பூங்கனியின் கொழுந்தன் ஸ்டெனியின் பெண்டாட்டி. ஓர்ப்படியாள், அடுத்த வீடு, ஒரே மதில். ஸ்டெனி மஸ்கட்டில் இருக்கிறான். அதனால் ஸ்மைலின் வீட்டுக்கு மாடி உண்டு, மாடிக்கு டைல்ஸ் உண்டு, டைல்ஸைத் துடைக்க ஆளும் உண்டு. இலவசமாகப் பால் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள். அவளுக்குப் பத்து புள்ளி இரண்டு.

பூங்கனி அந்த எண்ணைக் கேட்டாள். கேட்டதும் ஸ்மைலின் விரலில் நின்ற இரத்தத் துளியை முறைத்துப் பார்த்தாள். எங்கள் ஊரில் இதற்குக் குசும்பு என்று பேர். மற்ற மாவட்டங்களில் குசும்பு என்றால் குறும்பு, விளையாட்டுத்தனம். இங்கே அப்படி இல்லை. இங்கே குசும்பு என்றால் அசல் பொறாமை, அடுத்தவன் வீட்டுக் கறி மணந்தால் நம் சோறு இறங்காத வியாதி. டைல்ஸைப் பொறுத்தாள், ஆலயப் பாடகர் குழுவில் ஸ்மைலினுக்கு முன்வரிசை கிடைத்ததையும் பொறுத்தாள். ஆனால் தனக்கு உயிர்போகிற அவசரத்தில் வேண்டிய பத்தை, சும்மா பால் வாங்க வந்தவள் உடம்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாளே, இதை எப்படிப் பொறுப்பது?

திட்டத்தின் தொடக்க விழா சபை மைதானத்தில் நடந்தது. பந்தல், மைக், எல்லாருக்கும் மிக்சர். இயக்குநர் ஒரு மணி நேரம் பேசினார். அதில் ஊருக்கு ஞாபகம் நின்றது ஒரே ஒரு பகுதிதான்.

"தாய்மார்களே, குடிப்பது வேறு, உறிஞ்சுவது வேறு. பாலை யார் வேண்டுமானாலும் குடித்துவிடலாம். அதில் உள்ள இரும்பை உறிஞ்ச வேண்டும். பால் தருவது அரசின் கடமை. உறிஞ்சுவது உங்கள் கடமை. குடித்துவிட்டு உறிஞ்சாமல் இருப்பவர்கள் இந்த அரசை ஏமாற்றுகிறார்கள்."

உடம்புக்குள்ளே நடக்கிற காரியத்தைத்தான் அவர் சொன்னார். குடல் இரும்பை எடுத்து இரத்தத்தில் சேர்ப்பதைச் சொன்னார். ஆனால் கொல்லமாவிளையில் உறிஞ்சுவது என்றால் வாயால் உறிஞ்சுவதுதான். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஊர் முழுக்க ஸ்ஸ்ஸ் என்று ஒரே சத்தம். நாற்பது வீட்டில் நாற்பது பெண்கள் தம்ளரைச் சாய்த்து, உதட்டைக் குவித்து, மனசாட்சியோடு உறிஞ்சினார்கள். பூங்கனியின் சத்தத்துக்கு யேசுரத்தினம் விழித்து, பாம்பு வந்துவிட்டது என்று கம்பைத் தேடினான்.

ததேயுஸ் ஊரைச் சுற்றி வந்து, உறிஞ்சல் தொடங்கிவிட்டது என்று அறிக்கை கொடுத்தார். இயக்குநர் அடுத்த நாள் தானே வந்து தெருமுனையில் கண்ணை மூடிக்கொண்டு நின்று கேட்டார். தவறைத் திருத்துவார் என்று நர்ஸ் பெபிஷா எதிர்பார்த்தாள். அவர் கண்ணைத் திறந்து, மக்கள் பங்கேற்பு இந்த அளவுக்கு இருக்கும் என்று தலைமையகத்திலேயே யாரும் நினைத்திருக்கமாட்டார்கள் என்றார். ஒரு வாரத்தில் வீட்டுக்கு நூறு ஸ்ட்ரா வந்து இறங்கியது. கூடவே உறிஞ்சல் ஒலிப் பதிவேடு என்று ஒரு நோட்டு. பலம், நடுத்தரம், மெலிது என்று மூன்று கட்டம். ததேயுஸ் காலையில் ஒவ்வொரு வீட்டு ஜன்னலுக்கும் காதைக் கொடுத்து டிக் போட்டுக்கொண்டு போவார். பூங்கனிக்கு ஒருநாள் தவறாமல் 'பலம்'. ஸ்மைலினுக்கு 'மெலிது'. அந்த நாட்களில்தான் பூங்கனி கொஞ்சம் நிம்மதியாக இருந்தாள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. பால்குடி மறந்த பிறகு கொல்லமாவிளையில் யாரும் வெறும் பாலைக் குடிப்பதில்லை. பால் என்றால் தேயிலை. டீ, சாயா என்று மற்றவர்கள் சொல்வதைத்தான் இங்கே தேயிலை என்பார்கள். காலையில் ஒன்று, கஞ்சிக்குப் பிறகு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. பால் குடித்தீர்களா என்று பதிவேட்டில் கேட்டால் குடித்தோம் என்று சொன்னார்கள். அது பொய்யும் இல்லை. ஆனால் இந்தப் பாலை ஊற்றினால் தேயிலை கறுத்தது. சிவக்க வேண்டியது மெல்ல மெல்ல மைக்கூட்டு நிறத்துக்கு வந்தது. பெண்கள் பயந்துபோய் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நாற்பத்திரண்டு படி ஏறினார்கள்.

இயக்ககம் உடனே சுற்றறிக்கை விட்டது. கறுப்பு இரும்பின் இயற்கை நிறம், பானம் எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு சத்து, பயனாளிகள் கறுப்பைக் கண்டு பெருமை கொள்ள வேண்டும். அன்று முதல் ஊரில் யார் வீட்டுத் தேயிலை அதிகக் கறுப்பு என்று போட்டி வந்தது. பூங்கனி இரண்டு கரண்டி தூள் கூடுதலாகப் போட்டாள். சூடான கறுப்புத் தேயிலையை ஸ்ட்ராவில் உறிஞ்சி நாக்கெல்லாம் வெந்து போனது. பத்து வேண்டுமே, நாக்கா பெரிது?

மூன்று மாதம் கழித்து முதல் சோதனை. பூங்கனிக்கு எட்டு புள்ளி மூன்று. ஸ்மைலினுக்குப் பத்து புள்ளி நாலு.

இங்கே புள்ளி ஒன்று இறங்கியது, அங்கே புள்ளி இரண்டு ஏறியது. ஒரே வண்டி கொண்டுவந்து போடுகிற பால், ஒரே ஸ்ட்ரா. அவள் மெலிதாக உறிஞ்சி ஏறினாள், இவள் பலமாக உறிஞ்சி இறங்கினாள். ரேஷன் கடைச் சுவரில் 'உறிஞ்சாதோர் பட்டியல்' என்று தலைப்புப் போட்டு ஒட்டினார்கள். முதல் பேர் பூங்கனி. பேருக்குக் கீழே கணவர் பெயர், மாட்டின் இனம் எல்லாம் இருந்தது. மீன் விற்க வந்தவள்கூட நின்று வாசித்துவிட்டுப் போனாள்.

பட்டியலோடு நிற்கவில்லை. வீட்டுக்கு ஓலை வந்தது. தங்களுக்கு வழங்கப்பட்ட இரும்பு என்ன ஆயிற்று என்று பதினைந்து நாளுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும். யேசுரத்தினம் பிள்ளைகளின் நோட்டிலிருந்து தாள் கிழித்து, கூச்சத்தோடு, ஐயா என் மனைவிக்கு மாசத்தில் பத்து நாள் இரத்தம் போய்விடுகிறது, அதற்குத்தான் ஆப்பரேஷன் கேட்கிறோம் என்று எழுதினான். எட்டாம் நாள் பதில் வந்தது. அரசு இரும்பை உரிய அனுமதியின்றி உடலிலிருந்து வெளியேற்றியதாகத் தாங்களே ஒப்புக்கொண்டுள்ளீர்கள். இனிமேல் வெளியேற்றத்தை நிறுத்திவிட்டுத் தெரிவிக்கவும்.

"நிறுத்துகதுக்குத்தானே ஆஸ்பத்திரி கேக்குகேன்," என்றாள் பூங்கனி. யேசுரத்தினம் அந்த ஓலையை மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தான்.

இரும்பு மாத்திரை தின்றால் என்ன என்று பூங்கனி கேட்டாள்தான். அதற்குத் தடை இருந்தது. பயனாளிகள் மாத்திரை தின்றால், ஏறிய இரத்தம் பாலால் ஏறியதா மாத்திரையால் ஏறியதா என்று தெரியாமல் போய்விடும். பாலுக்கு வர வேண்டிய பேர் மாத்திரைக்குப் போய்விடும். தின்றால் அட்டை ரத்து. அட்டை போனால் பத்தும் போயிற்று, ஆப்பரேஷனும் போயிற்று.

அப்போதுதான் பூங்கனிக்கு அந்தப் புத்தி வந்தது. ஸ்மைலின் வீட்டுக்குப் போடுகிற பாக்கெட்டில் ஏதோ கூடுதல் இருக்கிறது. இல்லாமல் எப்படி ஏறும்? வண்டிக்காரன் மாடி வீட்டைப் பார்த்து நல்ல பாக்கெட்டாகப் போடுகிறான். உலகம் அப்படித்தானே இருக்கிறது, பந்தியில்கூட மாலை போட்டவனுக்குத்தானே பெரிய துண்டு. மறுநாள் விடிய ஐந்தரைக்கு வண்டி போனதும் மதில் இடுக்கு வழியே நுழைந்து, ஸ்மைலின் வீட்டு வாசற்படியிலிருந்த பாக்கெட்டை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை நற்கருணை எடுக்கிற கை அது. ஆனால் அன்றைய தேயிலை முன்னைவிடக் கறுப்பாக இருந்ததாக அவளுக்குத் தோன்றியது. அடுத்த நாளும் போனாள். பிறகு அது முற்றம் பெருக்குகிற மாதிரி ஒரு வேலையாகிவிட்டது.

நாலு மாதம் பூங்கனி இரண்டு பாக்கெட் குடித்தாள். ஸ்மைலினுக்கு ஒரு சொட்டு கிடையாது. பாவி, பிழைத்துப் போகட்டும் என்று இடையிடையே ஸ்மைலினுக்காக ஜெபமும் செய்தாள்.

இரண்டாவது சோதனை வந்தது. பூங்கனி வரிசையில் ஸ்மைலினுக்குப் பின்னால் வேண்டுமென்றே நின்றாள். அவள் முகம் விழுவதைப் பார்க்க வேண்டும். பெபிஷா குத்தினாள், பார்த்தாள், சந்தேகப்பட்டு இன்னொரு விரலில் குத்தினாள். ஸ்மைலினுக்குப் பன்னிரண்டு புள்ளி ஆறு. மாவட்டத்திலேயே அதுதான் அதிகம். பூங்கனிக்கு ஏழு புள்ளி ஐந்து.

பூங்கனிக்குத் தலை சுற்றியது. பால் இல்லாமல் எப்படி ஏறும்? யோசித்து யோசித்து, ஸ்டெனி மஸ்கட்டிலிருந்து டின்னில் இரும்பு அனுப்புகிறான் என்று முடிவு கட்டினாள். பெபிஷா அவளைத் தனியே மருந்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"பூங்கனிக்கா, நான் சொன்னேன்னு வெளிய சொல்லாண்டாம். பாலு இரும்ப ஒடம்புல சேர விடாது. தேயிலை சுத்தமா விடாது. ரெண்டையும் கலக்கி, அதுவும் கஞ்சி குடிச்ச கையோட குடிச்சா, தின்ன சாளை மீனுல உள்ள இரும்பும் வீணால்லா போவும். மாத்திரையத் தின்னுட்டு ஒரு நெல்லிக்கா கடிச்சாப் போரும்."

"அப்பம் ஸ்மைலினுக்கு?"

"அவளுக்கு எதனாலயோ பாலு கிட்டல்லயாம். பாலு இல்லாம தேயிலை எறங்காதுன்னு தேயிலைய விட்டாளாம். கஞ்சியும் பயறும், எலுமிச்சம்பழ வெள்ளமும் தானாம். மீனுக்கு மாங்கா போட்டுக் கறி வைக்குகா. ஏறாம என்ன செய்யும்?"

இதை ஏன் இயக்குநரிடம் சொல்லவில்லை என்று பூங்கனி கேட்டாள். சொன்னேன் என்றாள் பெபிஷா. அப்படியானால் பாலை எங்கே கொண்டு போடுவது என்று அவர் கேட்டாராம்.

பூங்கனி படி இறங்கினாள். இறங்க இறங்க விஷயம் விளங்கியது. அவள் திருடாமல் இருந்திருந்தால் ஸ்மைலின் தேயிலை குடித்துக்கொண்டு பத்திலேயே கிடந்திருப்பாள். விடியாத நேரத்தில் நெஞ்சு படபடக்க மதில் இடுக்கில் நுழைந்து, ஒருநாள் விடாமல் பாடுபட்டு, ஸ்மைலினுக்கு இரத்தம் ஏற்றிக் கொடுத்தது சாட்சாத் பூங்கனிதான். இதை ஒரு மனுஷி எப்படி நம்புவாள்? நம்பினால் அன்றைக்கே கயிறு தேட வேண்டும். அதைவிடப் பாலை நம்புவது சுலபமாக இருந்தது. பெபிஷாவும் ஸ்மைலினும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், சேர்ந்து நாடகம் போடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் இன்னும் கறுப்பாக ஒரு தம்ளர் போட்டு உறிஞ்சினாள்.

அடுத்த மாதம் பாராட்டு விழா. அதே மைதானம், அதே பந்தல். ஸ்மைலினுக்கு 'இரும்பு மங்கை' என்று பட்டம். உறிஞ்சாதோர் பட்டியலில் உள்ளவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சாதனையாளரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. பட்டுச் சேலையும், இரும்பில் செய்த ஒரு மாடுமாக ஸ்மைலின் மேடையில் நின்றாள். மாடு கனமாக இருந்தது. அவள் அதை ஒரு கையில் சர்வ சாதாரணமாகப் பிடித்திருந்தாள். பூங்கனியின் கண் அந்தக் கையிலேயே இருந்தது.

இயக்குநர் மைக்கை அவளிடம் நீட்டி, எப்படி உறிஞ்சினீர்கள் என்று நாட்டுக்குச் சொல்லுங்கள் என்றார். ஸ்மைலின் பொய் சொல்லத் தெரியாதவள். அதுவும் பூங்கனிக்குப் பிடிக்காத ஒரு குணம்.

"சார், எனக்கு நாலு மாசமாட்டுப் பாலே கிட்டல்ல," என்றாள். "தெனமும் வெளிய வந்து பாப்பேன், இருக்காது. சரி, யாருக்கோ அத்தியாவசியமாட்டு இருக்கும்னு விட்டுட்டேன்."

ததேயுஸ் பேனாவை மூடினார். இயக்குநர் மட்டும் கலங்கவில்லை. ஒரு நொடி மேலே பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"கேட்டீர்களா! இந்தச் சகோதரி பாலைக் குடிக்கவே இல்லை. குடிக்காமலே உறிஞ்சியிருக்கிறார். இந்தத் திட்டத்தின் வீச்சு பாக்கெட்டோடு நின்றுவிடவில்லை, காற்றில் கலந்து பரவியிருக்கிறது. ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் அடுத்த வீட்டில் ஏறுகிறது. உலகத்தில் எந்தத் திட்டமாவது பயன்படுத்தாதவர்களுக்கு இவ்வளவு பயன் தந்ததுண்டா?"

எல்லாரும் கை தட்டினார்கள். தட்டச் சொல்லி முன்வரிசையில் ஆள் இருந்தது. இரும்பு மங்கைக்கு இரண்டாவது சால்வை போட்டார்கள். அந்த இரண்டாவது சால்வைதான் பூங்கனியின் பொறுமையை முறித்தது. ஒன்றைத் தாங்கியிருப்பாள். குடிக்காததற்கு ஒரு சால்வையா? அப்படியானால் குடித்தவள் என்ன கழுதையா? அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அவ எங்க சார் உறிஞ்சுனா? அவளுக்க பாலையும் நானில்லா குடிச்சேன். நாலு மாசமா தெனம் ரெண்டு கவரு. நாக்கு வெந்து உறிஞ்சுனது நானாக்கும்."

ஊர் திரும்பிப் பார்த்தது. யேசுரத்தினம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். மேடையில் ஸ்மைலின் வாயைத் திறந்தபடி நின்றாள். அவள் பாலை ஏன் எடுத்தீர்கள் என்று இயக்குநர் மைக்கில் கேட்டார்.

பூங்கனி ஒளிக்கவில்லை. சொல்லியே தீர்வது என்று வந்த பிறகு என்ன ஒளிவு? "குசும்பு சார்," என்றாள். "வேற என்ன. குசும்பு."

இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய ஊரில் குசும்பு என்றால் வேறு அல்லவா? இந்த வயதிலும் இப்படி ஒரு குசும்பா என்று மைக்கிலேயே பாராட்டினார். இரத்தம் குறைந்தாலும் நகைச்சுவை குறையவில்லை என்றார். நம் விநியோகம் நூற்றுக்கு நூறு பதிவேட்டில் இருக்கிறது, ஒருவர் பாக்கெட்டை ஒருவர் எடுக்க வழியே இல்லை, அம்மா தமாஷ் செய்கிறார் என்றார். ததேயுஸுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் நன்றாகத் தெரியும். அவர் மூடிய பேனாவைத் திறந்து, பயனாளி ஒருவர் குறும்பாகப் பேசி அவையை மகிழ்வித்தார் என்று எழுதிக்கொண்டார்.

ஆயுசில் முதன்முறையாக ஒரு பாவத்தை நாலுபேர் முன்னால் அறிக்கையிட்டாள். அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. இல்லை சார், சத்தியமாட்டு, என்று பூங்கனி சொல்ல வந்தாள். பந்தல் ஒரு பக்கமாகச் சரிந்தது. காதுக்குள் வண்டு பறந்தது. அப்படியே விழுந்தாள். மகிழ்ச்சி மிகுதியால் மயங்கிவிட்டார், காற்றோட்டம் விடுங்கள் என்று மைக்கில் குரல் கேட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஏழு புள்ளி ஒன்று. இரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. இனி தள்ளிப்போட முடியாது, மூன்று குப்பி இரத்தம் ஏற்றிப் பத்தாக்கி உடனே கட்டியை எடுக்க வேண்டும் என்றார்கள். அவளுடையது லேசில் கிடைக்காத ஓ நெகட்டிவ். ஆஸ்பத்திரியில் இரண்டு குப்பிதான் இருந்தது. மூன்றாவதுக்கு யேசுரத்தினம் தெருத்தெருவாக அலைந்தான். கடைசியில் பெபிஷாதான் இயக்ககத்தின் அட்டைகளைப் புரட்டிக் கண்டுபிடித்தாள். ஊரில் அதே வகை இரத்தம் இன்னொருத்திக்கு இருந்தது. கொடுப்பதற்குப் பன்னிரண்டரையாவது இருக்க வேண்டும். அவளுக்குப் பன்னிரண்டு புள்ளி ஆறு இருந்தது. அந்த அட்டையால் மாவட்டத்துக்கு நடந்த உபகாரம் இது ஒன்றுதான்.

யார் கொடுக்கிறார்கள் என்று பூங்கனிக்குச் சொன்னபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. வயிற்று வலி அதைத் திரும்ப உள்ளே தள்ளியது. மூன்றாவது குப்பி சொட்டுச் சொட்டாக இறங்கியதை அவள் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே கிடந்தாள். அந்தச் சிவப்பில்கூட அவளுக்கு ஒரு பளபளப்பு தெரிந்தது. தன்னுடையது இவ்வளவு பளபளப்பாக இருந்ததில்லை என்று நினைத்தாள்.

மறுநாள் காலை சோதித்தார்கள். பத்து புள்ளி ஒன்று. மத்தியானம் ஆப்பரேஷன் என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர்.

பத்து மணிக்கு இயக்குநர் வந்துவிட்டார். ததேயுஸ், போட்டோக்காரர், ஆப்பிள் ஒரு டஜன். அட்டையை வாங்கி 10.1 என்று எழுதினார். அதை எழுத அட்டையில் ஒரே ஒரு கட்டம்தான் உண்டு, 'பால் வழியாக உறிஞ்சிய அளவு'. இது குப்பி வழியாக ஏறியது சார் என்று யேசுரத்தினம் மெல்லச் சொன்னான். குப்பி யாருடையது என்று இயக்குநர் கேட்டார். ஸ்மைலினுடையது. ஸ்மைலினின் இரத்தம் எதனால் ஏறியது? திட்டத்தால். பிறகென்ன என்று கேட்டுவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார். உறிஞ்சாதோர் பட்டியலிலிருந்து பூங்கனியின் பேர் அன்றே அடிக்கப்பட்டது. ஒரே நாளில் இவ்வளவு வேகமாக உறிஞ்சியவர் எவரும் இல்லை என்று தனிக்குறிப்பும் போனது.

அவர்கள் போன பிறகு ஸ்மைலின் உள்ளே வந்தாள். கையில் ஒரு கட்டு பிஸ்கட்டும், நேற்று இரத்தம் எடுத்த இடத்தில் இன்னும் பஞ்சும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே தந்திருப்பேனேக்கா," என்றாள் ஸ்மைலின். "எனக்கு வெறும் பாலுன்னாலே ஓக்காளம்."

பூங்கனிக்குக் கண் நிறைந்தது. அதைத் துடைக்கிற கையில் ஊசி இருந்ததால் ஸ்மைலினே துடைத்துவிட்டாள். கேட்டால் கொடுத்திருப்பாள் என்பது பூங்கனிக்கு முன்னாலேயே தெரியும். அதனால்தானே கேட்கவில்லை. எனக்கு மாப்புத் தா பிள்ளே என்றாள். வாய் ஒப்புக்குச் சொன்னதில்லை, மனசாரவே சொன்னாள். ஸ்மைலின், சவத்த விடுங்க என்றாள்.

வெளியே ஸ்ட்ரெச்சர் உருளுகிற சத்தம் கேட்டது. பூங்கனி தொண்டையைச் செருமினாள்.

"ஏட்டி, குடுத்த பொறவு ஒனக்கு எத்தனயாம்?"

"பதினொண்ணரைன்னு சொன்னாவ."

பூங்கனி கூரையைப் பார்த்தாள். இவளுக்குப் பத்து புள்ளி ஒன்று. ஒரு குப்பி முழுக்கக் கொடுத்த பிறகும் அவளுக்குப் பதினொன்றரை. ஸ்ட்ரெச்சர் வந்து கதவில் நின்றது. இரண்டு பேர் அவளைத் தூக்கி அதில் படுக்கவைத்தார்கள். யேசுரத்தினம் ஜெபம் செய்யக் கண்ணை மூடினான். பூங்கனி ஸ்மைலினின் கையைப் பிடித்தாள்.

"இனி எப்பம் குடுக்கலாமாம்?"

"நாலு மாசம் கழிச்சுக் குடுக்கலாமாம்."

"குடு பிள்ளே," என்றாள் பூங்கனி. "நாலு மாசத்துக்கு ஒருக்கா மொடங்காமக் குடு. நல்ல காரியமாக்கும்."